ஒரு மணி நேரத் தொலைவு

சென்னைக்கும் பெங்களூருக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் நம்மில் பலர் கிலோமீட்டரில் பதில் சொல்வதில்லை. 'விமானத்தில் ஒரு மணி நேரம்' என்கிறோம். தூரத்தைக் காலத்தால் அளப்பது தமிழுக்குப் புதிதன்று. நாழிகைவழி என்றோர் அளவை நம்மிடம் இருந்தது. ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடங்களில், ஒருவர் நடந்து கடக்கும் தொலைவு அது. அதில் நடப்பவரின் காலும் வழியிலுள்ள ஊர்களும் சேர்ந்தே அளக்கப்பட்டன. நமது ஒரு மணி நேரத்தில் இடையிலிருக்கும் ஊர் எதற்கும் இடமில்லை.

அந்த ஒரு மணி நேரமும் அரை உண்மைதான். மீனம்பாக்கத்துக்கும் தேவனஹள்ளிக்கும் நேர்க்கோட்டில் சுமார் 270 கிலோமீட்டர். விமானம் வானில் இருப்பது ஏறத்தாழ முக்கால் மணி நேரம். வீட்டிலிருந்து கிளம்புவது, சோதனைக்கு வரிசையில் நிற்பது, இறங்கியபின் நகருக்குள் ஊர்ந்து செல்வது எல்லாம் கூட்டினால் ஐந்து மணி நேரத்தை நெருங்கிவிடும். 2022 நவம்பரில் தொடங்கிய வந்தே பாரத் ரயிலுக்கு ஏறத்தாழ நாலரை மணி நேரமே ஆகிறது. 2008 மே மாதத்தில் பெங்களூர் விமான நிலையம் நகருக்குள்ளிருந்து தேவனஹள்ளிக்குப் பெயர்ந்தபோது நீண்டது வான்வழியன்று, தரைவழிதான்.

அதே கணக்கு இப்போது நம் பக்கம் வந்திருக்கிறது. சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். சென்னையிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூரையும் தாண்டிச் செல்லவேண்டும். தேவையை நாம் மறுக்கவில்லை. அடையாற்றுக்கும் குடியிருப்புகளுக்கும் நடுவே மீனம்பாக்கம் நெருக்குண்டு கிடக்கிறது. சுங்குவார்சத்திரம் பக்கம் தயாராகும் கைப்பேசிகள் பெருமளவில் வானவழியேதான் வெளிநாடு செல்கின்றன. ஒரகடம் வரை நீளும் தொழிற்பட்டைக்கு அருகில் ஒரு விமான நிலையம் கேட்பதில் நியாயமுண்டு.

ஆனால் ஏகனாபுரத்தின் நியாயத்தை யார் கணக்கிட்டார்கள்? ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கரைக் கோரும் இத்திட்டத்தில் அவ்வூரின் வீடுகளும் வயல்களும் ஏரியும் அடங்குகின்றன. அறிவிப்பு வந்தது முதல் மக்கள் மாலைதோறும் கூடிப் போராடினார்கள். கிராமசபையில் தீர்மானங்கள் நிறைவேற்றினார்கள். 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசின் கொள்கையளவிலான ஒப்புதல் வந்து சேர்ந்தது.

இதை எழுதும் நமக்கும் இதில் பங்குண்டு. நம் குழுவில் பாதிப்பேர் அலுவலாகவோ இலக்கியக் கூட்டங்களுக்காகவோ பெங்களூருக்குப் பறந்து திரும்புகிறவர்கள். நேரம் மிச்சமானது என்று மகிழ்கிறவர்கள். அப்படி மிச்சமாகும் நேரத்தை வேறெவரோ தம் நிலத்தால் ஈடுசெய்கிறார் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

விமான நிலையமே வேண்டாம் என்பது நம் வாதமன்று. தூரத்தை முழுமையாக அளக்கவேண்டும் என்கிறோம். வாசலிலிருந்து வாசல் வரை எத்தனை மணி நேரம், ரயிலும் சாலையும் அதில் எவ்வளவைச் சுமக்கக்கூடும், எஞ்சிய தேவைக்கு எத்தனை ஏக்கர் போதும் என்று முதலில் சொல்லட்டும். அதன்பின் ஏகனாபுரத்தாரிடம் பேசட்டும். வீட்டுக்கும் வயலுக்கும் இடையே அவர்களுக்கு இருப்பது கூப்பிடு தூரம். எந்தக் கால அட்டவணையிலும் ஏறாத அந்தத் தூரமும் இக்கணக்கில் சேரவேண்டும்.