யந்திரம் வந்தால் மட்டும் போதுமா?

கடைத் தராசு ஆண்டுதோறும் சோதிக்கப்பட்டு அரசாங்க முத்திரை பெறவேண்டும் என்பது இந்நாட்டின் விதி. ஒரு றாத்தல் மரக்கறியில் ஏழை ஏமாறலாகாது என்பதற்காக எழுந்த நல்ல விதி அது. ஆனால், தாயின் வயிற்றிலுள்ள சிசுவை அளக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் யந்திரம் சரியாக அளக்கின்றதா என்று கேட்பவர் எத்தனை பேர்? யந்திரம் வந்திறங்கும் நாளில் நாடா வெட்டுகின்றோம், நன்றியுரை முழங்குகின்றோம். அதன்பின் அது காட்டுவதெல்லாம் வேதவாக்கு!

இந்த யந்திரத்தின் தத்துவம் மறைபொருளன்று. கிணற்றுள் குரல் கொடுத்தால் எதிரொலி திரும்புகின்றதல்லவா? அதுவே இங்கும் நிகழ்கின்றது. உடலில் வைக்கும் கருவியினுள் உள்ள பீங்கான் வகைத் துண்டுகள், மின்சாரம் பட்டதும் செக்கனுக்கு 20 இலட்சம் முதல் 150 இலட்சம் முறை அதிர்ந்து, செவிக்கெட்டாத ஒலியை உள்ளே அனுப்புகின்றன. திரும்பிவரும் எதிரொலியை அவையே மின்சாரமாக மாற்றுகின்றன. மென்மையான இழையங்களில் ஒலி செக்கனுக்கு 1540 மீற்றர் செல்லும் என்று கொண்டு, போய்வந்த நேரத்திலிருந்து யந்திரம் தூரத்தைக் கணிக்கின்றது.

இக்கணக்கு பிசகினால் விளைவு என்ன? கர்ப்பத்தின் நடுக்காலத்தில் சிசுவின் தலை வாரத்திற்குச் சுமார் 3 மில்லிமீற்றரே அகலிக்கின்றது. அந்த 3 மில்லிமீற்றர் தவறினால் தாயின் கணக்கில் ஒரு வாரம் தவறும். துண்டுகள் சில செயலிழந்தாலும் திரையில் படம் தோன்றிக்கொண்டேயிருக்கும். அதில் ஒரு கட்டி மறைந்துபோகவுங்கூடும். நின்றுபோன யந்திரம் எவரையும் ஏமாற்றுவதில்லை. ஓடிக்கொண்டே பொய் சொல்லும் யந்திரமே ஆபத்தானது.

இதனைக் கண்டறியும் வழியும் கடினமானதன்று. உடலின் இழையத்தை ஒத்த பொருளை நிரப்பி, மெல்லிய நூல்களைத் திட்டமான இடைவெளிகளில் பதித்த சோதனைப் பெட்டி உண்டு. நூல்களின் தூரம் திரையில் சரியாகத் தெரிகின்றதா, எவ்வளவு ஆழம்வரை தெரிகின்றது என்று பார்த்து, யந்திரம் வந்த நாளில் எழுதிவைத்த அளவோடு ஒப்பிடவேண்டும். கருவியை வெறுங்காற்றில் பிடித்தாலே செயலிழந்த துண்டுகள் கருங்கோடுகளாகத் தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

1955ஆம் ஆண்டில், உலோகத்தில் வெடிப்புக் காணும் தொழிற்சாலைக் கருவியை வைத்தியத்துக்குத் திருப்ப முனைந்தவர் கிளாஸ்கோப் பேராசிரியர் இயன் டொனல்ட். தீராத புற்றுநோய் என்று கருதப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது அகற்றத்தக்க சூலகக் கட்டியே என்று இம்முறை காட்டியது. அவள் உயிர் தப்பினாள். 1958இல் ‘லான்செற்’ சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையில் டொனல்ட், ஜோன் மக்விகார் என்னும் வைத்தியர்களோடு, ரொம் பிரவுண் என்னும் பொறியியலாளரின் பெயரும் இருந்தது. யந்திரம் பிறந்தபோது பொறியியலாளருக்கு இருந்த இடம், அதைப் பேணும்போது மட்டும் இல்லாதொழிவது என்ன நியாயம்?

நாம் கேட்பது பெரிதன்று. யந்திரந்தோறும் ஒரு சோதனைப் பெட்டி, ஒரு பதிவேடு, அதன் நுட்பத்தை முறையாகக் கற்று, பிழை கண்டால் “நிறுத்துங்கள்” என்று சொல்லும் அதிகாரம் பெற்ற ஒரு தொழில்நுட்பவியலாளர். மரக்கறிக்குக் காட்டும் கவனத்தை மனித உயிருக்கும் காட்டுங்கள் என்றே கேட்கின்றோம்.