காடு யானைக்கு, ஏரிக்கரை யாருக்கு?

எலெக்ட்ரானிக் சிட்டி - நமது நிருபர்

வாரம் முழுவதும் ஷிப்டு. கிடைப்பது ஒரு நாள் விடுமுறை. மனைவி மக்களோடு காற்றாட எங்கே போவது? எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளில் வேலை பார்க்கும் நம்மவர்களைக் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் பன்னேர்கட்டா என்பதுதான்.

பன்னேர்கட்டா என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு இடங்கள். ஒன்று, சிங்கம், புலி, சபாரி வண்டி, பட்டாம்பூச்சிப் பூங்கா எல்லாம் அடங்கிய உயிரியல் பூங்கா. 2002ல் தனி அமைப்பாகப் பிரிக்கப்பட்ட இது, செவ்வாய்க்கிழமை தவிர ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை வார விடுமுறை பெறும் தொழிலாளி அதையும் பார்க்க முடியாது.

இரண்டாவது, அதையொட்டிய காடு. 1974ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, பின்னர் விரிவாக்கப்பட்டு, இன்று சுமார் 260 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. 1972ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே அனுமதியின்றி நுழைய முடியாது.

எல்லை அறியாத யானை

"இவ்வளவு பெரிய காட்டில் பாதை போட்டு மக்களை விட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயம்போல் தோன்றும். ஆனால் இந்தக் காடு பன்னேர்கட்டாவோடு முடிவதில்லை. நம் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் வரை யானைகளின் வழித்தடம் நீள்கிறது. ராகி விளையும் காலத்தில் அவை ஓசூர் பக்கம் வருவதை கிருஷ்ணகிரி மாவட்டத்து வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே வழி அடைபட்டால், அங்கே நம் அண்ணன் தம்பிகளின் வயல் அழியும்.

காட்டைச் சுற்றிய பாதுகாப்பு வளையமும் சுருங்கியிருக்கிறது. 2016ம் ஆண்டு வரைவில் 268.96 சதுர கிலோமீட்டராக இருந்த வளையம், 2020 மார்ச் மாத இறுதி அறிவிக்கையில் 168.84 ஆயிற்று. விடுபட்ட நூறு சதுர கிலோமீட்டரில் கல்குவாரிக்கும் மனைப்பிரிவுக்கும் இருந்திருக்கக்கூடிய தடை இல்லாமற் போயிற்று.

விளைவு நம் வாசலுக்கே வருகிறது. 2023 நவம்பர் தொடக்கத்தில், ஓசூர் ரோட்டுக்கு அருகே கூட்லு கேட் பகுதியில் புகுந்த சிறுத்தை, பிடிக்கும் முயற்சியின்போது சுடப்பட்டு இறந்தது. பாவம், அதுவும் வழி தவறிய ஜீவன்தான்.

ஏரிகள் போன வழி

அப்படியானால் தொழிலாளி எங்கே போவான்? பதில் காட்டில் இல்லை, ஏரியில் இருக்கிறது. பெங்களூர் ஏரிகளால் வாழ்ந்த ஊர். ஆனால் தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் மெஜஸ்டிக் பஸ் நிலையம் நிற்கிறது. சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆகிவிட்டது. பெல்லந்தூர் ஏரியோ நுரை பொங்கி, 2015லும் 2017லும் தீப்பிடித்தும் எரிந்தது.

நம் பக்கம் இன்னும் ஏரிகள் மிஞ்சியிருக்கின்றன. பேகூர், மடிவாளா, ஹெப்பகோடி ஏரிகளின் கரையில் நிழல் மரமும் நடைபாதையும் விளக்கும் இருந்து, கழிவுநீர் கலக்காமல் காத்தால், வேலை முடிந்து வருபவர் தினமும் அரை மணி நேரம் மூச்சுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வரிசையில் பாதிப் பொழுதைக் கழிக்க வேண்டாம். காட்டின் மீதுள்ள நெருக்கடியும் குறையும்.

ஏரியும் தோட்டமும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு லால்பாக் சாட்சி. 2025 ஆகஸ்டு 11ந் தேதி முதல் எலெக்ட்ரானிக் சிட்டி வழியாக மெட்ரோ ஓடுகிறது. ஆர்.வி. ரோட்டில் வண்டி மாறினால் லால்பாக் போய்விடலாம். ஆனால் குடும்பம் முழுவதற்கும் டிக்கெட் எடுத்துத் தினமும் போக யாரால் முடியும்? வீட்டுக்குப் பக்கத்திலேயே வேண்டும்.

காட்டோரத்து ரிசார்ட்டில் தங்கப் பணமுள்ளவருக்கு ஆண்டெல்லாம் பச்சை. தகரக் கூரையின் கீழ் குடியிருப்பவருக்கு ஏரிக்கரைதான் பச்சை. காட்டை யானைக்கு விடுங்கள். ஏரிக்கரையை எங்களுக்குத் திறந்து விடுங்கள். இது சலுகை அல்ல, உழைப்பவன் கேட்கும் உரிமை. அரசு கவனிக்குமா?