எண்ணெய்த் தாளும் எழுதப்படாத பெயரும்

இரண்டு படங்களை அருகருகே ஒட்டி, ஒத்துப்போகும் இடங்களில் சிவப்பு வட்டமிட்டு, 'திருடன் அகப்பட்டான்' என்று தண்டோரா போடுவது காமிக்ஸ் அன்பர்களிடையே வழக்கமாகிவிட்டது. அந்த வட்டத்துக்குள் சில வேளைகளில் உண்மையாகவே திருட்டு இருக்கிறது. பல வேளைகளில், ஓர் ஓவியர் ஒரு புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார் என்பதற்கு மேல் எதுவுமில்லை. இவ்விரண்டையும் ஒரே கம்பத்தில் கட்டி அடிக்கும் போக்கை நாங்கள் மறுக்கிறோம். 'எல்லோரும்தான் செய்கிறார்கள்' என்று தம் அபிமான ஓவியருக்குக் குடைபிடிக்க ஓடிவருகிறவர்களையும் அதே மூச்சில் மறுக்கிறோம்.

முதலில் தூய்மைவாதிகள். அசல் ஓவியன் மனத்திலிருந்து மட்டுமே வரைவான் என்கிறார்கள். அப்படியானால் நாம் வளர்ந்த சித்திரக்கதைகளில் பாதியைக் கொளுத்த வேண்டியிருக்கும். முத்து காமிக்ஸில் நாம் உருகி உருகிப் படித்த காரிகனை வரைந்த ஆல் வில்லியம்சன், தன்னையும் நண்பர்களையும் மாதிரிகளாக நிறுத்திப் புகைப்படமெடுத்து வரைந்தவர். ரிப் கிர்பியைப் படைத்த அலெக்ஸ் ரேமண்ட் வழிவந்த அந்த மரபே புகைப்படத்தோடு கைகோத்து நடந்த மரபுதான். நாம் 'கேப்டன் டைகர்' என்று கொண்டாடும் புளூபெர்ரிக்கு, 1963இல் ழான் ஜிரோ கொடுத்த முகம் பிரெஞ்சு நடிகர் ழான் போல் பெல்மோந்தோவினுடையது. இவையெல்லாம் திருட்டா? சென்னை அண்ணா சாலையில் கட்டம் போட்டு, ஒரு சாண் ஸ்டில்லை நாற்பதடிப் பேனராக விரித்த கைகளைத் திருட்டுக் கைகள் என்று எவரேனும் சொன்னதுண்டா?

புகைப்படம் ஒரு கருவி. ஒளிப்பெட்டியும் கருவியே. சிறுவயதில் தாளில் தேங்காயெண்ணெய் தடவி இரும்புக்கை மாயாவியைப் பெயர்த்தெடுத்த எவருக்கும் தெரியும், கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று கை கற்றுக்கொள்வது அப்படித்தான். ஆகவே, கருவியை விசாரிப்பதில் பயனில்லை. விசாரிக்க வேண்டியது, ஒரு படத்தின் முடிவுகளை எடுத்தவர் யார் என்பதை.

ஒரு கட்டத்தை வரைகிறவர் எத்தனையோ முடிவுகளை எடுக்கிறார்: எந்தக் கோணம், யார் முன்னே, எது இருளில், எந்தக் கணத்தில் அசைவை நிறுத்துவது. மற்றொரு படைப்பாளி எடுத்த இம்முடிவுகளை அப்படியே தூக்கிவந்து சட்டையை மட்டும் மாற்றுவதுதான் களவு. 2005 அக்டோபரில் ஜப்பானில் சுயெட்சுகு யூகி என்ற மங்கா ஓவியர் சிக்கியது இதில்தான். தாகெஹிகோ இனொவேயின் 'ஸ்லாம் டங்க்' கூடைப்பந்துக் காட்சிகளை அவர் பெயர்த்திருந்தார். கோதான்ஷா பதிப்பகம் அவருடைய நூல்களின் விற்பனையையே நிறுத்தியது. வேடிக்கை அதற்குப் பின்னர்தான். இனொவேயின் அந்தக் காட்சிகளே அமெரிக்க என்.பி.ஏ. ஆட்டங்களின் புகைப்படங்களிலிருந்து வந்தவை என்று வாசகர்கள் படங்களை எடுத்து நீட்டினார்கள். சக ஓவியரிடமிருந்து எடுத்தால் குற்றம், மைதானத்தின் ஓரத்தில் மண்டியிட்டுக் காத்துக்கிடந்த புகைப்படக்காரரிடமிருந்து எடுத்தால் 'ஆதாரம்'! புகைப்படக்காரரும் கோணத்தையும் கணத்தையும் தேர்ந்தவர்தான் என்பது எவர் நினைவுக்கும் வரவில்லை. (சுயெட்சுகு 2007இல் 'சிஹயாஃபுரு' தொடரோடு மீண்டு வந்தார், 2009இல் அதற்கு மங்கா தைஷோ விருதும் கிடைத்தது. ஆயுள் தண்டனை வழங்கத் துடிப்பவர்கள் இதையும் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.)

தமிழில் நம் நோய் வேறு. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்தபோது, அதை வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பழியைச் சிவகாசியின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. மூலப் பதிப்பாளரான பிரிட்டனின் ஃப்ளீட்வேயே அக்காலத்தில் ஓவியர் பெயரை அச்சிடாத நிறுவனந்தான். ஆனால் அந்தப் பழக்கத்தை நாம் சுகமாக உள்வாங்கிக்கொண்டோம். வெளிநாட்டு அட்டைகளைப் பார்த்துச் சிவகாசியில் மறுபடி தீட்டினார்கள். லயன் அட்டைகளைப் பல்லாண்டுகள் தீட்டிய மாலையப்பனின் தூரிகைக்கு நாங்கள் இன்றும் ரசிகர்கள். அந்த மஞ்சளும் சிவப்பும் மூல அட்டைகளில் கிடையாது. சொல்ல வருவது இதுதான்: பார்த்துத் தீட்டியவரின் பெயரும் இல்லை, முதலில் வரைந்தவரின் பெயரும் இல்லை என்ற நிலையில் வளர்ந்த வாசகக் கூட்டம் நாம். திடீரென்று இன்று நாம் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். 2025 மார்ச்சில் குடும்பப் படங்களையெல்லாம் இயந்திரத்திடம் கொடுத்து ஜிப்லி பாணியில் மாற்றி மகிழ்ந்த அதே கைகள், அடுத்த வாரமே ஓர் இளம் ஓவியர் மேல் சிவப்பு வட்டம் போட்டதையும் பார்த்தோம்.

நெய்வேலிக்காரர்களாகிய எங்களுக்கு இது வெறும் அழகியல் சண்டை அன்று. இந்நகரியத்தைப் பற்றி ஒரு சித்திரக்கதை வரைய எவரேனும் உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொள்வார். பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரைக் கற்பனையில் வரைந்துவிட முடியாது. ஒவ்வொரு வாளியும் 1400 லிட்டர் கொள்ளும் சக்கரம் அது. அதன் கம்பிகளும் கைகளும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பது தினமும் பார்க்கிறவருக்கே குழப்பம். சுரங்கத்துக்குள் நினைத்தபோது போய் உட்கார்ந்து வரையவும் முடியாது. புகைப்படந்தான் வழி.

இன்னும் கடினமான இடத்துக்கு வருவோம். 2023 ஜூலை இறுதியில், சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக விளைந்து நின்ற நெற்பயிருக்குள் என்.எல்.சி.யின் இயந்திரங்கள் இறங்கின. பச்சை வயலுக்கு நடுவே மண்வாரி நிற்கும் அந்தப் படங்களைத் தமிழகமே பார்த்தது. அதை ஒருவர் சித்திரக்கதையாக்கினால் எதைப் பார்த்து வரைவார்? தூய்மைவாதியின் சொல் கேட்டுக் கற்பனையில் வரைந்தால், 'இப்படி நடக்கவேயில்லை' என்று சொல்லக் காத்திருப்போருக்கு அவரே வாசலைத் திறந்துவிடுகிறார். படத்தைப் பெயர்த்து வரைந்துவிட்டுத் தன் பெயரை மட்டும் ஓரத்தில் கிறுக்கினால், கெடுபிடிகளுக்கிடையே அங்கே நின்று அதை எடுத்தவரை இன்னொரு முறை வெளியேற்றுகிறார். பாலஸ்தீனத்தை வரைந்த ஜோ சாக்கோ தாமே களத்துக்குப் போய், தாமே படமெடுத்து வந்தவர். எல்லோருக்கும் அது வாய்க்காது. வாய்க்காதவருக்கு ஒரே நேர்மைதான் உண்டு, பார்த்ததைச் சொல்வது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படமும் ஒரு கலைப்படைப்பே. கருத்து எவருக்கும் சொந்தமில்லை, வெளிப்பாடே உரிமைக்குரியது என்பதை ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இலேயே தெளிவாக்கிவிட்டது. வயலில் இயந்திரம் நிற்பது கருத்து. அந்தத் தாழ்ந்த கோணமும் முன்னே மடங்கிக் கிடக்கும் கதிரும் வெளிப்பாடு. உரிமை பத்திரிகை முதலாளியிடம் போய்விட்டாலும், தன் படைப்பென்று உரிமை கோரும் பாத்தியதை படைத்தவரிடமே நிற்கும் என்கிறது பிரிவு 57. ஒபாமாவின் 'ஹோப்' சுவரொட்டியை 2008இல் வரைந்த ஷெப்பர்ட் ஃபேரி, அசோசியேட்டட் பிரஸ் படத்தை எடுத்தாண்டது தொடர்பான வழக்கை 2011இல் சமரசத்தில் முடித்துக்கொண்டார். ஆனால் 2012இல் நீதிமன்றம் அவருக்கு விதித்த நன்னடத்தைக் கண்காணிப்பும் 25,000 டாலர் அபராதமும், எந்தப் படத்தைப் பார்த்து வரைந்தார் என்பதை மறைக்கச் சான்றுகளை அழித்ததற்காக.

ஆகவே தமிழில் சித்திரக்கதை வெளியிடும் பதிப்பாளர்களிடம் நாங்கள் கேட்பது பெரிய காரியமன்று. கடைசிப் பக்கத்தில் நான்கு வரிகளுக்கு இடம் விடுங்கள். எந்தக் கட்டம் யாருடைய புகைப்படத்தைப் பார்த்து வரையப்பட்டது, அட்டை எந்த ஓவியரின் எந்த அட்டையைத் தழுவியது என்று பெயரோடு அச்சிடுங்கள். உயிரோடிருப்பவரென்றால் முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதி அனுமதி கேளுங்கள், முடிந்தால் ஒரு தொகையும் கொடுங்கள். சிவப்பு வட்டக்காரர்களுக்கு அதன்பின் வேலை குறைந்துபோகும். அதற்காக நாங்கள் வருந்தப்போவதில்லை.