வெறும் நீரின் வேலை

தேரடித் தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், சென்ற பௌர்ணமியன்று தம் ஆறு வயதுப் புதல்வனைத் தோளில் சுமந்து 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்தார். பையன் தரையில் உட்கார்ந்தால், கைகளை ஊன்றி, தன் தொடைகளையே ஏணியாகப் பற்றி ஏறித்தான் எழுந்திருக்கிறான். 1879-ல் கவர்ஸ் என்ற ஆங்கில வைத்தியர் விவரித்த அடையாளம் இது. இப்படித் தாமதமாய் எழுந்த மாணவனை நாமே ஒரு காலத்தில் சோம்பேறி என்று வைததுண்டு. வியாதியின் பெயர் டுஷேன் தசைச் சிதைவு. பெரும்பாலும் தாய்வழி வந்து ஆண் குழந்தைகளைப் பற்றுவது. இதற்கு மரபணுச் சோதனையும் ஆலோசனையும் நடத்தும் எம்.டி.சி.ஆர்.சி. என்ற நிலையம் கோயம்புத்தூரில் இருக்கிறது.

புது மருந்துப் பரீட்சைகளைப் பற்றி நண்பர் எங்கோ படித்திருக்கிறார்.

"வாத்தியார் ஸார், பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து, மற்றப் பாதிக்கு வெறும் தண்ணீராமே! இது வஞ்சனை இல்லையா?" என்று கேட்டார்.

தகப்பனார் கேட்கவேண்டிய கேள்விதான். ஆயினும் எம்பார்க் என்ற பரீட்சையின் கதையை நேயர்களும் கேட்கவேண்டும். எலிவிடிஸ் என்னும் மரபணு மருந்தை 4 முதல் 7 வயது வரையுள்ள 125 சிறுவர்களிடம் சோதித்தார்கள். எழுதல், நடத்தல், குதித்தல் என 17 செயல்கள். மொத்தம் 34 மதிப்பெண். 52 வாரம் கழித்து மருந்து பெற்றவர்கள் 2.57 மதிப்பெண் உயர்ந்திருந்தார்கள். வெறும் நீர் பெற்றவர்களோ 1.92 உயர்ந்திருந்தார்கள்! அவ்வயதில் வளர்ச்சி வியாதியை முந்தி ஓடுகிறது, அதுவே விந்தை. இடையிலுள்ள வித்தியாசம் தற்செயலாகவும் நேரலாம் என்று கணக்கர்கள் கூறிவிட்டார்கள். நீர் பெற்ற கூட்டம் இல்லாதிருந்தால், 2.57 முழுவதையும் மருந்தின் மகிமை என்று பறைசாற்றியிருப்பார்கள். எழுந்திருக்கும் நேரம் முதலிய சில அளவைகளில் மருந்து சற்று முந்தியதும் உண்மையே. அமெரிக்க அரசாங்கமோ இம்முடிவு வெளிவருமுன்பே, 2023 ஜூனில், அம்மருந்துக்கு அனுமதி கொடுத்துவிட்டது. அந்த அவசரம் நமக்கு உவப்பாயில்லை. மருந்து பெற்ற, நடை இழந்த இரு சிறுவர்கள் ஈரல் செயலிழந்து மாண்ட செய்தி 2025-ல் வந்தது. ஆகவே நீர் கிடைத்தவன் ஏமாந்தவன் என்பதற்கில்லை.

"பிள்ளைக்கு ஒரு வருஷம் போய்விடுமே, ஸார்!" என்றார் நண்பர். நியாயந்தான்; நடை போவதற்குள் மிஞ்சியிருக்கும் ஆண்டுகள் சில. எம்பார்க்கில் ஓராண்டு கழிந்ததும் நீர் பெற்றவர்களுக்கும் மருந்து கொடுத்தார்கள். எந்தப் பரீட்சையானாலும் இதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும் என்றோம். தீங்கு நேர்ந்தால் வைத்தியமும் நஷ்டஈடும் உண்டென்று நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன, அதையும் கேட்கவேண்டும். 7 வயது நிரம்பிய பிள்ளையின் சம்மதத்தை வாய்மொழியாகப் பெறவேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறி.

"அவனையா கேட்பது?" என்று நண்பர் திகைத்தார். ரசீதுத் தாளின் பின்புறத்தில் கேள்விகளை ஒவ்வொன்றாய் எழுதிக்கொண்டார். பையன் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தான்.