அழுகையை அடக்குவது சிகிச்சை ஆகாது

"அழுதாலும் விடாதீங்க. ஒரு தடவை இறங்கிப் போனா அதையே பழகிக்கும். நீங்க வெளியில உட்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்." ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு நடத்தைப் பயிற்சி தேடிப் போகும் பெற்றோருக்கு இந்த அறிவுரை புதிதல்ல. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்ற பழமொழி இதற்குத் துணை நிற்கிறது. செயல்முறை நடத்தைப் பகுப்பாய்வு, அதாவது ஏ.பி.ஏ. என்ற அறிவியலின் பெயரும் சேர்ந்துகொள்கிறது. சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனாலும் இது தவறான அறிவுரை. அந்த அறிவியலின் ஆய்வுகளைக் கொண்டே இதை மறுக்க முடியும்.

பட்டு நெய்யும் வெம்பாக்கம் வட்டாரத்தை முன்வைத்து இதைப் பார்க்கலாம். திருவண்ணாமலை மாவட்டத்தின் வட ஓரத்தில் இருக்கும் இந்த ஊருக்கு, மாவட்டத் தலைநகரைவிடக் காஞ்சிபுரமே பக்கம். தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். ஒருவர் நெய்ய, இன்னொருவர் தார் சுற்ற, வீடே தொழிற்கூடம். இப்படிப்பட்ட வீட்டுக்கு அந்த அறிவுரை எதைக் கொண்டுவரும் என்பதை, அதன் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் வாதம்: "வாரத்துக்கு 40 மணி நேரம், கண்டிப்போடு. அதுதான் நிரூபிக்கப்பட்ட முறை."

இதன் வேர் கலிபோர்னியாவின் ஐவர் லோவாஸ் 1987-ல் வெளியிட்ட ஆய்வு. வாரத்துக்கு 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் முதலாம் வகுப்பை முடித்தார்கள் என்றது அது. ஆட்டிசக் குழந்தையால் எதையும் கற்க முடியாது என்று கைவிட்டிருந்த காலத்தில் அது பெரிய நம்பிக்கை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தக் குழந்தை எந்தக் குழுவில் என்பது அங்கே குலுக்கல் முறையில் முடிவாகவில்லை. உரத்த அதட்டலும் தொடையில் அடியும் அந்தப் பயிற்சியில் இருந்தன. மணி நேரக் கணக்கும் இப்போது ஆட்டம் கண்டுவிட்டது. 144 ஆய்வுகளையும் 9,000-க்கும் அதிகமான குழந்தைகளையும் தொகுத்துப் பார்த்த 2024-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், மணி நேரம் கூடக் கூடப் பலனும் கூடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

இரண்டாம் வாதம்: "அழுகை என்பது அடம். கண்டுகொள்ளாமல் விட்டால் தானாக நிற்கும்."

கண்டுகொள்ளாமல் விட்டால் ஒரு நடத்தை குறையலாம் என்பது உண்மை. அது எதற்காக வந்தது என்று தெரியாமல் அப்படி விடுவதுதான் பிழை. தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் குழந்தைகளை 1982-ல் ஆராய்ந்த பிரையன் இவாட்டாவின் குழு, வெளிப்பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் செயலுக்குக் குழந்தைக்குக் குழந்தை வேறு வேறு காரணம் இருப்பதைக் காட்டியது. 1985-ல் கார், டுராண்ட் இருவரும் அடுத்த அடியை வைத்தார்கள். வேலை கடினமாக இருப்பதால் கத்தும் குழந்தைக்கு உதவி கேட்கவும், கவனம் வேண்டிக் கத்தும் குழந்தைக்கு அதை வேறு விதமாகக் கேட்கவும் கற்றுக்கொடுத்தார்கள். கத்தல் குறைந்தது. கேட்க வழி கிடைத்ததால் அது குறைந்தது.

பாவில் ஓர் இழை அறுந்தால் எந்த நெசவாளியும் இன்னும் ஓங்கி அடித்து நெய்வதில்லை. தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைத் தேடிப் பிணைத்த பிறகே அடுத்த ஊடையை விடுகிறார். அழும் குழந்தையிடமும் பயிற்சியாளர் செய்ய வேண்டியது அதுதான்.

மூன்றாம் வாதம்: "மனக்காயம் என்பதெல்லாம் அளக்க முடியாத சமாச்சாரம். நடத்தை அறிவியலில் அதற்கு இடமில்லை."

குழந்தைப் பருவத்துத் துன்பங்கள் பெரியவர்களான பிறகும் உடல்நலத்தைப் பாதிக்கின்றன என்பதை ஃபெலிட்டி, அண்டா குழுவினர் 1998-லேயே ஆயிரக்கணக்கானோரிடம் கணக்கெடுத்துக் காட்டிவிட்டார்கள். பேச்சு வராத குழந்தைக்கு நடந்ததைச் சொல்லும் வழியும் கிடையாது. பள்ளியில் அடி வாங்கியிருக்கலாம். ஜரிகையில் கை வைத்துவிடுமே என்ற பயத்தில் வீட்டிலேயே கட்டிப்போடப்பட்டிருக்கலாம். ஒரு பயிற்சி அறையில் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைக்கப்பட்ட குழந்தை, மறுநாள் அந்த மேசையைப் பார்த்ததுமே அலறினால், அதுவும் கற்றல்தான். பயத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறது. நடத்தை அறிவியல் இதை விளக்காவிட்டால் வேறு எது விளக்கும்?

2022-ல் ஆதித்யன் ராஜாராமன், கிரெகரி ஹான்லி உள்ளிட்டோர் இந்தத் துறையின் முதன்மை ஆய்விதழிலேயே நான்கு கடமைகளை முன்வைத்தார்கள். மனக்காயம் இருந்திருக்கலாம் என்பதை ஏற்பது, பாதுகாப்பையும் நம்பிக்கையையும் உறுதிசெய்வது, தேர்வு செய்யும் உரிமையைக் குழந்தையோடு பகிர்வது, திறன் வளர்ப்பதை முதன்மையாக்குவது. இவற்றில் அளக்க முடியாதது எது? குழந்தை அறைக்குள் தானாக நடந்து வருகிறதா, வேண்டாம் என்று காட்டினால் பயிற்சி நிற்கிறதா, எத்தனை முறை சிரித்தது என்று எண்ணலாம். அமெரிக்காவின் நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றளிப்பு வாரியம் 2022 முதல் நடைமுறைப்படுத்திய நெறிமுறையும், கருணையோடும் கண்ணியத்தோடும் நடத்துவதை அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

நான்காம் வாதம்: "பெற்றோர் வெளியே இருக்க வேண்டும். செல்லம் கொடுத்துக் கெடுத்ததே அவர்கள்தான்."

பழி பழையது. தாயின் அன்பின்மையால் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் அமெரிக்க நிபுணர்கள் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-ல் புத்தகம் எழுதி அதை உடைத்தார். அன்று அன்பு போதவில்லை என்றார்கள், இன்று அன்பு மிஞ்சிவிட்டது என்கிறார்கள். இரண்டு முறையும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது தாய்தான்.

பெற்றோரை வெளியே நிறுத்துவதற்கு லோவாஸின் ஆய்வுகளிலும் ஆதரவு இல்லை. 1973-ல் அவர் குழு வெளியிட்ட தொடராய்வில், காப்பகத்துக்குத் திரும்பிய குழந்தைகள் கற்றதை இழந்தார்கள். பயிற்சி பெற்ற பெற்றோரிடம் இருந்தவர்களோ நிலைத்தார்கள், மேலும் முன்னேறினார்கள். 1987 ஆய்விலும் பெற்றோர் பயிற்சிக் குழுவின் அங்கமாகவே இருந்தார்கள். இந்த 40 மணி நேரத்தை மட்டும் இறக்குமதி செய்துவிட்டுப் பெற்றோரை வாசலில் உட்காரவைப்பது அரைகுறை நகல்.

ஐந்தாம் வாதம்: "இதெல்லாம் நகரத்து வசதி. தறிக்காரருக்கு நேரம் ஏது?"

உண்மையில் கட்டுப்படியாகாதது 40 மணி நேர முறைதான். பஸ் ஏறி நகரத்துக்குப் போய் வரும் நாளில் தறி நிற்கும், கூலி நிற்கும். வீட்டைத் தேடிப் போகும் முறைக்கு நம் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 1981-ல் ராமகிருஷ்ணன் தொடங்கிய ஆய்க்குடி அமர் சேவா சங்கம், தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களை வீட்டுக்கே அனுப்பி, குடும்பத்தை மையமாக வைத்து இளம் வயதுக் குழந்தைகளுக்கு ஆரம்பநிலைப் பயிற்சி தருகிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 ஆட்டிசக் குழந்தைகளின் குடும்பங்களோடு நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், நிபுணர் அல்லாத பணியாளர்களே பெற்றோருக்கு வழிகாட்டினார்கள். பெற்றோர் குழந்தையின் போக்கை அறிந்து பேசுவதும், குழந்தை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடின.

தறி வீட்டில் இந்த முறைக்கு இயல்பாகவே இடமுண்டு. தண்ணீர் வேண்டுமென்று காட்டுவது, கழிப்பறைக்குக் கேட்பது, தறிச் சத்தம் தாங்காதபோது காதைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போவது: இவை அந்தக் குடும்பமே தேர்ந்தெடுக்கும் இலக்குகள். தார் சுற்றும் நேரத்திலும் சோறு ஊட்டும் நேரத்திலும் பழகலாம். தனியாக மேசை நாற்காலி தேவையில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலே சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 6 கொடுமையான, மனிதத்தன்மையற்ற நடத்துதலிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. பயிற்சி என்ற பெயர்ப்பலகை இந்தப் பாதுகாப்பை ரத்து செய்யாது.

ஏறக்குறைய நாற்பது வருடத்துக்கு முந்தைய ஓர் ஆய்வின் கண்டிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன்பின் அந்தத் துறையே கற்ற பாடங்களை ஒதுக்குவதற்கு அறிவியல் என்று பெயர் வைக்க முடியாது. அரசு செய்ய வேண்டியது, வீடு தேடி வரும் பயிற்சியை வெம்பாக்கம் போன்ற வட்டங்களுக்குக் கொண்டுவருவது. பெற்றோரே, எந்தப் பயிற்சி மையத்தில் சேர்க்கும் முன்பும் மூன்று கேள்வி கேளுங்கள்: நாங்கள் உள்ளே இருக்கலாமா? பிள்ளை அழுதால் என்ன செய்வீர்கள்? வேண்டாம் என்று காட்டினால் நிறுத்துவீர்களா? நேரான பதில் வராத இடத்தில் உங்கள் பிள்ளையை விட்டுவிட்டு வராதீர்கள்.