சிறு டிராக்டருக்கு ஏற்ற புல்வெட்டுங் கருவி எது?

காவிரியின் ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து பிரியும் ராஜா வாய்க்காலும், அதனைச் சார்ந்த குமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்களும் பாயும் பூமியில், தண்ணீருக்குக் குறைவில்லாத காலங்களில் புல்லுக்கும் குறைவிருப்பதில்லை. தென்னையையும் வாழையையும் கரும்பையும் வளர்க்கும் அதே ஈரம் அருகையும் கோரையையும் பார்த்தீனியத்தையும் வளர்க்கிறது. முற்காலத்தில் இவற்றைக் களைக்கொத்தும் அரிவாளும் கொண்டு ஆட்கள் அகற்றினர். இன்று அவ்வேலைக்கு ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் கூலி தோட்டத்தின் வரவுக்குள் அடங்குவதில்லை. ஆகவே 15 முதல் 30 குதிரைத் திறன் வரையுள்ள மினி டிராக்டர்கள் தென்னந்தோப்புகளில் புகுந்து வேலை செய்வதும், அவற்றின் பின்னால் பூட்டுவதற்குப் புல்வெட்டுங் கருவி ஒன்று வேண்டுமென்று குடியானவர்கள் விசாரிப்பதும் இயற்கையே.

ஆனால் விசாரிக்கும் முறையில் ஒரு குறை காணப்படுகிறது. அநேகர் முதலில் விலையைக் கேட்கின்றனர். அடுத்து மானியத்தைக் கேட்கின்றனர். மூன்றாவதாக அண்டைத் தோட்டத்துக்காரர் எதை வாங்கினார் என்று கேட்கின்றனர். முதலில் கேட்க வேண்டிய கேள்வி இம்மூன்றில் எதுவுமன்று. வெட்டிய புல் மாட்டுக்குப் போகிறதா, மண்ணுக்குப் போகிறதா என்பதே அது. இதற்கு விடை தெரிந்தால் கருவி தானே தெரிந்துவிடும். இதற்கு விடை காணாமல் வாங்கப்பட்ட கருவி, ஒரு பருவம் ஓடி, மறு பருவத்தில் மாட்டுக்கொட்டகையின் பின்புறம் துருவேறிக் கிடக்கும்.

மூவகைக் கருவிகள்

சிறு டிராக்டரின் பின்னால் பூட்டக்கூடிய கருவிகள் முக்கியமாக மூன்று வகைப்படும். முதலாவது கட்டர் பார். இது கத்திரிக்கோலைப் போன்றது. வரிசையாக அமைந்த விரல்களுக்கிடையே முக்கோணக் கத்திகள் இடமும் வலமும் ஓடி, தண்டை அடியில் நறுக்கிச் சாய்த்துவிடும். அமெரிக்காவில் 1833இல் ஹஸ்ஸி என்பவரும், 1834இல் மெக்கார்மிக் என்பவரும் குதிரை இழுக்கும் அறுவடை இயந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து இம்முறை வழங்கி வருகிறது. வெட்டிய தீவனம் முழுத்தண்டாக, மண் ஒட்டாமல் விழுவது இதன் சிறப்பு. கல்லும் கரட்டு மண்ணும் இதற்குப் பகை. கத்திகளையும் அடிக்கடி தீட்ட வேண்டும்.

இரண்டாவது ஸ்லாஷர். ஒரு தகட்டு மூடியின் கீழ் இரண்டு அல்லது மூன்று கனத்த கத்திகள் படுக்கையாகச் சுழலும். புல் மட்டுமன்றி, விரல் கனமுள்ள புதரையும் அடித்து வீழ்த்தும். அமைப்பு எளிது, விலையும் பழுது பார்க்கும் செலவும் குறைவு. ஆனால் இது நறுக்குவதில்லை, அடிக்கிறது. புல் சிதறி ஒரு பக்கமாகக் குவியும், மாட்டுக்கு உதவாது.

மூன்றாவது, கடைக்காரர்கள் மல்ச்சர் என்று சொல்லும் கருவி. ஒரு நீண்ட உருளையில் தொங்கும் பல சிறு கத்திகள் வேகமாகச் சுழன்று, புல்லைப் பொடியாக்கி வெட்டிய இடத்திலேயே சமமாகப் பரப்பும். ஒய் எழுத்து வடிவக் கத்திகள் புல்லுக்கும், சுத்தியல் வடிவக் கத்திகள் கனத்த தண்டுக்கும் ஓலைக்கும் ஏற்றவை. கத்தி கல்லில் பட்டால் பின்னுக்கு மடங்கிக்கொள்ளும். விலையும் எடையும் மூன்றிலும் இதற்கே அதிகம்.

மாட்டுக்கா, மண்ணுக்கா?

கறவை மாடு வைத்து, குதிரைமசாலோ நெருக்கமாக விதைத்த தீவனச் சோளமோ பயிரிடுவோருக்குக் கட்டர் பாரே தக்கது. மல்ச்சரால் வெட்டிய தீவனத்தில் மண் கலக்கும். அதை மாடு முகர்ந்துவிட்டு ஒதுக்கும். எனினும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் போட்டிருப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோ 4, கோ 5 போன்ற ரகங்களை நட்ட 75 முதல் 80 நாளில் முதலிலும், பின்பு 45 நாளுக்கொரு முறையும் அறுக்கிறோம். அத்தூர்கள் தடித்தவை, நெருக்கமாகவும் நிற்பவை. டிராக்டர் சக்கரம் தூரின் மேல் ஏறினால் மறு துளிர்ப்பு குன்றும். ஆதலால் அப்புல்லுக்கு அரிவாளோ கையால் பிடித்து வெட்டும் பிரஷ் கட்டரோதான் பொருத்தம். ஒட்டுப்புல்லை மட்டும் நம்பி டிராக்டர் கருவி வாங்குவது வீண் செலவு.

தென்னந்தோப்பில் வளரும் புல் பெரும்பாலும் மண்ணுக்கே போக வேண்டியது. இங்கே சிலர், ரோட்டவேட்டர் இருக்கையில் வேறு கருவி எதற்கு என்பர். இவ்வாதம் மேலுக்குச் சரியாகத் தோன்றினாலும் அனுபவத்தில் நிற்பதில்லை. ரோட்டவேட்டர் தென்னையின் மேல்வேர்களை அறுக்கிறது. கோரைக் கிழங்குகளைப் பிரித்துத் தோட்டமெங்கும் பரப்புகிறது. அருகின் தண்டைத் துண்டாக்கித் துண்டுக்கொரு செடியாக்குகிறது. வெட்டுங் கருவி கோரையை அடியோடு அழிக்காது என்பது உண்மையே. ஆயினும் அது களையைப் பெருக்குவதில்லை. மண்ணை மூடி ஈரத்தைக் காக்கிறது. பார்த்தீனியத்தைப் பூக்குமுன் வெட்டினால் விதை விழுவதையும் தடுக்கிறது. ஆகவே தோப்புக்காரருக்கு மல்ச்சர் முதல் தரம். கைப்பணம் குறைந்தவருக்கு ஸ்லாஷர் இரண்டாம் தரம்.

கரும்புச் சோகையைப் பற்றியும் பலர் கேட்கின்றனர். கரும்பு வெட்டிய காட்டில் ஏக்கராவுக்கு 3 முதல் 4 டன் வரை சோகை தங்கும். அதற்குத் தீ வைப்பதைக் காட்டிலும் பொடியாக்கி மறுதாம்புக்கு மூடாக்காக விடுவது நலம். ஆனால் சோகையைப் பொடியாக்கும் இயந்திரத்துக்கு 45 குதிரைத் திறனும் அதற்கு மேலும் வேண்டும். மினி டிராக்டரைக் கொண்டு அவ்வேலையைச் செய்ய முயல்வது, கன்றைப் பூட்டிக் கவலை இறைப்பதை ஒக்கும். அதற்குப் பெரிய டிராக்டரை வாடகைக்கு அமர்த்துவதே முறை.

திறன் கணக்கு

டிராக்டரின் பெயர்ப் பலகையில் எழுதியிருப்பது இன்ஜின் திறன். பின்புறத்து பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேர்வது அதில் உத்தேசமாக நூற்றுக்கு 80 முதல் 85 பங்கே. 24 குதிரைத் திறன் டிராக்டரில் சுமார் 20 கிடைக்கும். ஸ்லாஷருக்கும் மல்ச்சருக்கும் ஓரடி அகலத்துக்கு 4 முதல் 5 குதிரைத் திறன் வேண்டும். ஆகவே அந்த டிராக்டருக்கு 4 அடி அகலமே எல்லை. 18 குதிரைத் திறனுக்கு 3 அடிக்குச் சற்று மேல். 5 அடிக் கருவியைத் தள்ளுபடி விலையில் தந்தாலும் வாங்கலாகாது. பசும்புல் அடர்ந்த இடத்தில் இன்ஜின் திணறும், சுழற்சி குறையும், புல் வெட்டுப்படாமல் மடங்கிப் படுக்கும்.

மறுபுறம், கருவியின் அகலம் பின் சக்கரங்களின் வெளி விளிம்புக்கு இருபுறமும் இரண்டு அங்குலமாவது கூடியிருக்க வேண்டும். இன்றேல் சக்கரம் மிதித்த புல் வெட்டுப்படாமல் நின்றுவிடும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே பொருந்தும் கருவி கிடைக்காவிடில், டிராக்டரின் ஒரு பக்கம் தள்ளிப் பூட்டக்கூடிய கருவியைத் தேட வேண்டும். கட்டர் பாருக்கு மட்டும் இவ்வளவு திறன் வேண்டுவதில்லை. அடிக்கு இரண்டு குதிரைத் திறன் இருந்தால் போதும். ஹைட்ராலிக் தூக்கும் எடையையும், மூன்று முனை இணைப்பின் வகையையும், பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்றுக்கு அமைந்ததா என்பதையும் வாங்குமுன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கடையில் பார்த்தால் போதாது. தம் டிராக்டரிலேயே பூட்டி, தம் தோட்டத்திலேயே ஓட்டிப் பார்த்த பின்பே பணம் கொடுக்க வேண்டும்.

உயிருக்குக் காப்பு

மினி டிராக்டர்களில் பலவற்றுக்கு ஒற்றைக் கிளட்ச் தான் உண்டு. அவற்றில் கிளட்சை மிதித்தால் இன்ஜினின் தொடர்பு அறும்; ஆனால் வேகமாகச் சுழலும் கனத்த கத்திகள் உடனே நிற்பதில்லை. அவற்றின் உந்துதல் தண்டின் வழியே பின்னோக்கி வந்து டிராக்டரை முன்னே தள்ளும். ஓட்டுபவர் நிறுத்திவிட்டதாக நினைக்கும் வண்டி இன்னும் பல அடி ஓடும். சமதரையில் இது ஒரு தொல்லை. வாய்க்கால் கரையில் மரணம். இதைத் தடுப்பது பி.டி.ஓ. தண்டில் மாட்டும் ஒருவழிக் கிளட்ச் என்னும் சிறு உறுப்பு. கருவியின் விலையில் இது அற்பத் தொகை. இரட்டைக் கிளட்சோ தனி பி.டி.ஓ. அமைப்போ இல்லாத டிராக்டருக்கு, இதனோடு சேர்த்தே கருவியை விற்க வேண்டும் என்பதும், மானியப் பட்டியலிலும் இதைச் சேர்க்க வேண்டும் என்பதும் நியாயமான கோரிக்கைகளாகும்.

4 அடி ஸ்லாஷரின் கத்தி நிமிஷத்துக்கு 1000 சுற்று சுற்றினால், அதன் நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. அதில் படும் கூழாங்கல் துப்பாக்கிக் குண்டுக்குச் சமானம். முன்னும் பின்னும் சங்கிலித் திரையில்லாத ஸ்லாஷரை வாங்கலாகாது. ஓடும்போது அருகில் எவரையும், முக்கியமாகக் குழந்தைகளை, நிற்கவிடலாகாது. பி.டி.ஓ. தண்டு வினாடிக்கு 9 முறை சுற்றுகிறது. அதன் மேலுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, வேட்டியும் துண்டும் தொங்க அருகில் போவது அறிவீனம். சொட்டு நீர்க் குழாய்கள் புல்லுக்குள் மறைந்து கிடக்கும் தோப்பில், முதலில் அவற்றை மரத்தடிக்கு ஒதுக்கிவிட்டுப் பின்பே வண்டியை இறக்க வேண்டும். சரிந்த கரைகளையும் வரப்புகளையும் டிராக்டருக்கு விடாமல் பிரஷ் கட்டருக்கு விடுவதே நலம்.

தனியுடைமையா, கூட்டுடைமையா?

4 அடிக் கருவி மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், திரும்பும் நேரமும் உட்பட, ஏக்கராவை முடிக்க உத்தேசமாக ஒன்றரை மணி ஆகும். மூன்று ஏக்கரா தோப்பை ஆண்டுக்கு நான்கு முறை வெட்டினாலும் மொத்த வேலை 18 மணியே. 18 மணி வேலைக்காக ஒரு மல்ச்சரை ஆண்டு முழுதும் கொட்டகையில் வைத்திருப்பது எந்தக் கணக்கிலும் கட்டுபடியாகாது. அடுத்தடுத்த தோட்டக்காரர் எட்டுப் பேர் சேர்ந்து 25 ஏக்கராவுக்கு ஒரு மல்ச்சர் வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 150 மணி அதற்கு வேலை உண்டு. செலவும் எட்டில் ஒரு பங்காகும்.

ஒரே வாரத்தில் எல்லோருக்கும் கருவி தேவைப்படும், சண்டை வரும் என்று சிலர் அஞ்சுகின்றனர். விதைப்புக்கும் அறுவடைக்கும் இவ்வச்சம் பொருந்தும். புல் வெட்டுவதில் பத்து நாள் முன்பின் ஆவதால் வெள்ளாமை கெட்டுவிடாது. பார்த்தீனியம் பூக்கும் தோட்டத்துக்கு முதல் முறை என்று ஒரு விதி வைத்து, ஓடிய மணிக்கணக்கையும் கத்தி மாற்றிய செலவையும் ஒரு நோட்டில் எழுதி வந்தால் வழக்கு எழாது. கூட்டாகக் கருவி வாங்குவது இந்நாட்டுக்குப் புதிதுமன்று. 2017-18இல் தமிழ்நாட்டில் கொண்டுவரப்பட்ட கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், 20 பேர் கொண்ட ஆர்வலர் குழுக்கள் ஐந்து சேர்ந்து 100 பேருடைய உற்பத்தியாளர் குழுவாகி, 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதியில் இயந்திரங்கள் வாங்க வழி செய்யப்பட்டது. அவ்வகைக் குழு உள்ள ஊர்களில் அடுத்த ரோட்டவேட்டருக்குப் பதிலாக மல்ச்சர் ஒன்றை யோசிக்கலாம்.

இதில் கிராம அதிகாரிகளுக்கும் பங்கு உண்டு. 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் இயக்கம் சிறு, குறு விவசாயிகளுக்கும் மகளிருக்கும் ஆதிதிராவிட, பழங்குடி விவசாயிகளுக்கும் பாதி வரையிலும், மற்றவர்க்கு நூற்றுக்கு 40 வரையிலும், உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் வகுத்தது. அவ்வகை உதவியைப் பெற சிறு, குறு விவசாயி சான்று அவசியம். சான்று தாமதமாகும்போது குடியானவர் பொறுமையிழந்து, கையில் கிடைத்த கருவியைக் கடனுக்கு வாங்கிவிடுகிறார். சான்றை உரிய காலத்தில் அளிப்பதும் ஒரு வேளாண் பணியே.

அவசரப்படுவதில் பயனில்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் தீவனத்தைப் பற்றியும், வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கருவியைப் பற்றியும் கேட்டறியலாம். ஒரு பருவம் வாடகைக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு மறு பருவம் வாங்கலாம். மாட்டுக்கு வேண்டின் கட்டர் பார். மண்ணுக்கு வேண்டின் கூட்டாக ஒரு மல்ச்சர். புதர் மண்டிய தரிசை முதன்முறை திருத்த வேண்டின் வாடகைக்கு ஒரு ஸ்லாஷர். எதுவாயினும் ஒருவழிக் கிளட்சும் மேலுறையும் இல்லாமல் தோட்டத்துக்குள் இறக்காதிருப்பதே அறிவுடைமை.