ரசீது இல்லாத கொள்ளை

நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய ஊர் காரக்கோணம். நெய்யூரில் ஏழை நோயாளிகளுக்குப் பல்லாண்டுகள் தொண்டாற்றிய மருத்துவர் சோமர்வெல்லின் பெயரைத் தாங்கி நிற்கிறது அங்குள்ள சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி. இடம் தருவதாக வாக்களித்துப் பெருந்தொகை பெற்றனர். இடமும் கிடைக்கவில்லை, பணமும் திரும்பவில்லை என்று பெற்றோர் புகார் அளித்தது அக்கல்லூரியின் மீதுதான். நீதிபதி ராஜேந்திர பாபு குழு விசாரித்தது. 2022 ஜூலையில் அமலாக்கத்துறை சோதனையிட்டது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டாய நன்கொடையைத் தடை செய்தது. அதே தீர்ப்புதான் கட்டணத்தைத் தாமே நிர்ணயிக்கும் உரிமையைத் தனியார் நிர்வாகங்களுக்கு வழங்கியது. 2006இல் கேரள இடது முன்னணி அரசு இயற்றிய சுயநிதிக் கல்லூரிச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. முன்வாசலை அடைத்த நீதி, பின்வாசலைத் திறந்தே வைத்தது.

அரசுக் கலந்தாய்வில் வைப்புத்தொகை கட்டுவோருக்கு ரசீது உண்டு. எப்போது திரும்பும், எப்போது பறிபோகும் என்ற விதியும் உண்டு. ரொக்கமாகக் கொடுத்தவரிடம் எதுவுமில்லை. கொடுத்ததே குற்றமாகிவிடுமோ என்ற அச்சம் அவர் வாயை அடைக்கிறது. அந்த மௌனமே வாங்கியவரின் கவசம்.

நிலத்தை விற்றும் நகையை அடகுவைத்தும் பணம் திரட்டும் குடும்பங்களைப் பேராசைக்காரர்கள் என்று பழிப்பது எளிது. அரசு இடங்களைப் பற்றாக்குறையாக வைத்துக் கல்வியைச் சரக்காக்கிய கொள்கையே முதல் குற்றவாளி.

பெற்ற தொகை வட்டியுடன் திரும்ப வேண்டும். புகார் அளிக்கும் பெற்றோருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகள் பெருக வேண்டும். பாறசாலையிலும் களியக்காவிளையிலும் இக்கோரிக்கை ஒரே குரலில் ஒலிக்கட்டும். கொள்ளைக்கு மாநில எல்லை இல்லை. போராட்டத்துக்கு மட்டும் ஏன்?